கருவி சுழியம் காட்டினால் காற்று சுத்தமா?



2019-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள், வியாழக்கிழமை. ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து நச்சாவி எழுந்தது. ஆற்றுக்கு அருகிலிருந்த தாமான் பாசிர் பூத்தே தேசியப் பள்ளியிலும் பாசிர் பூத்தே இடைநிலைப்பள்ளியிலும் முதலில் பாதிப்பு தெரிந்தது. மாணவர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல். ஆற்றில் எஞ்சிய கழிவிலிருந்து ஆவி தொடர்ந்து வந்ததால் அடுத்த சில நாள்களில் பாதிப்பு இன்னும் பரவியது. மார்ச் 13-இல் பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. 2,700-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பாசிர் கூடாங் மாணவர்களுக்கு மீண்டும் மூச்சுத்திணறல் வந்தது. பாலர் பள்ளிகள் உட்பட 475 கல்வி நிலையங்கள் ஜூன் 25 முதல் 27 வரை மூடப்பட்டன. உங்களில் பலர் அப்போது தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். சிலருக்கு அந்த நாள்கள் நன்றாக நினைவிருக்கும்.

அந்த நாள்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான். ‘காற்று இப்போது சுத்தமாகிவிட்டதா? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?’ இதற்குக் கண்ணால் பார்த்து யாரும் விடை சொல்ல முடியாது. ஒரு கருவியைக் காற்றில் நீட்டி, அதன் திரையில் வரும் எண்ணைப் படித்துத்தான் சொல்ல வேண்டும். அந்த எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

இரண்டு கருவிகள், ஒரே சுழியம்

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறார். ஒருநாள் எங்கள் பள்ளியின் அறிவியல் கழகக் கூட்டத்துக்கு வந்தார். கைத்தொலைபேசி அளவில் இரண்டு வாயு கண்டறியும் கருவிகளை மேசையில் வைத்து முடுக்கினார். இரண்டிலும் திரை ஒளிர்ந்தது. எரியும் வாயுவுக்கான இடத்தில் இரண்டுமே 0 காட்டின.

“இந்த அறையில் எரியும் வாயு இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணா. இரண்டுமே சுழியம்தானே காட்டுகின்றன” என்றார்கள் மாணவர்கள்.

பிறகு, காற்றோடு சிறிதளவு மீத்தேன் கலந்து அடைத்த சோதனைப் புட்டியை எடுத்தார். சன்னல்களைத் திறக்கச் சொன்னார். மெல்லிய குழாய் வழியாக அந்த வாயுவை முதல் கருவிக்குச் செலுத்தினார். எண் மளமளவென்று ஏறியது. கருவி அலறியது, அதிர்ந்தது, சிவப்பு விளக்கு மின்னியது. அதே வாயுவை இரண்டாவது கருவிக்குச் செலுத்தினார். அரை நிமிடம் காத்திருந்தோம். அது அசையவே இல்லை. அதே 0.

“இதன் உணரி செத்துப்போய் நெடுநாளாகிறது டீச்சர். பாடம் சொல்லத்தான் இதை வைத்திருக்கிறேன்” என்றார் அவர்.

வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சுழியத்துக்கு இரண்டு பொருள் உண்டு என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒன்று, ‘வாயு இல்லை’. மற்றொன்று, ‘எனக்குத் தெரியவில்லை’. திரையைப் பார்த்து மட்டும் எது என்று சொல்ல முடியாது. தெரிந்த வாயுவைக் காட்டிக் கேட்டால்தான் வேறுபாடு வெளிப்படும்.

மூக்கும் குருவியும்

‘கருவி எதற்கு? நாற்றம் வந்தால் ஓடிவிடலாமே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொள்வோம். அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு இது. சாக்கடைகளிலும், நம் ஊர்ச் செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களிலும் கரிமப் பொருள் அழுகும்போது உண்டாகிறது. மில்லியனில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நம் மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். இந்த ‘மில்லியனில் ஒரு பங்கு’ என்பதைத்தான் பிபிஎம் என்கிறோம்.

ஆனால் அளவு 100 பிபிஎம் பக்கம் போனால் சில நிமிடங்களில் மூக்கின் உணர்வு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே, வாயு போய்விட்டது என்று மனிதர் நினைப்பார். உண்மையில் வாயு கூடியிருக்கும். பல நூறு பிபிஎம் அளவில் மயக்கமும் சாவும் வரும். கார்பன் மோனாக்சைடுக்கோ நாற்றமே கிடையாது. ஆக, மூக்கும் சில நேரம் பொய்யாகச் சுழியம் காட்டும்.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் முன்பு கேனரி எனும் சிறு மஞ்சள் குருவியைக் கூண்டில் எடுத்துச் செல்வார்கள். கார்பன் மோனாக்சைடு இருந்தால் மனிதருக்கு முன்பே குருவி தள்ளாடி விழும். ஜான் ஸ்காட் ஹால்டேன் எனும் விஞ்ஞானி 1890-களில் பரிந்துரைத்த முறை இது. 1980-களில்தான் மின்னணுக் கருவிகள் குருவியின் இடத்தை முழுமையாகப் பிடித்தன.

குருவியிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அது கம்பியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தால், சோதனைக் கருவி வேலை செய்கிறது என்று பொருள். செத்த குருவியை உயிருள்ள குருவி என்று யாரும் ஏமாற மாட்டார்கள். மின்னணு உணரி அப்படியல்ல. அது செத்தாலும் திரை ஒளிரும், மின்கலம் நிறைந்திருக்கும், எண் தெரியும். அதனால்தான் கருவியை நாமே அடிக்கடி சோதிக்க வேண்டியிருக்கிறது.

கருவிக்குள் என்ன நடக்கிறது?

தொழிற்சாலைகளில் அதிகம் காணப்படுவது நான்கு வாயுக் கருவி. ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் அது பார்க்கும். ஆனால் உள்ளே ஒரே வகை உணரி இல்லை.

கார்பன் மோனாக்சைடுக்கும் ஹைட்ரஜன் சல்பைடுக்கும் இருப்பது மின்வேதியியல் உணரி. வேதியியல் பாடத்தில் படித்த மின்கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மின்முனைகள், நடுவே மின்பகுளி. வாயு மெல்லிய சவ்வு வழியாக உள்ளே நுழைந்து மின்முனையில் வினைபுரியும். எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். வாயு கூடினால் மின்னோட்டமும் கூடும்.

எரியும் வாயுவுக்குப் பெரும்பாலும் இருப்பது வினையூக்கி மணி உணரி. பிளாட்டினக் கம்பிச் சுருளின் மேல் வினையூக்கி பூசிய சிறு மணி அது. சூடான மணியின் மேல் வாயு பட்டால் அங்கேயே எரியும். மணி இன்னும் சூடாகும், கம்பியின் மின்தடை உயரும். அந்த உயர்வைக் கருவி அளக்கும்.

இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். உணரிக்கு பிபிஎம் என்றால் என்னவென்றே தெரியாது. அது தருவது மின்னோட்டம் அல்லது மின்தடை மாற்றம் மட்டுமே. ‘இவ்வளவு மின்னோட்டம் என்றால் இத்தனை பிபிஎம்’ என்ற கணக்கை நாம்தான் கருவிக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படிச் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர் அளவுத்திருத்தம். தொழிற்சாலைகளில் ‘கேலிப்ரேஷன்’ என்பார்கள்.

ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதாதா? போதாது. உணரி நாள்பட நாள்பட மாறும். மின்பகுளி காய்ந்துபோகும். நம் நாட்டு ஈரக்காற்றில் தண்ணீரை உறிஞ்சி நீர்த்தும் போகலாம். சவ்வில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். வினையூக்கி மணிக்கு சிலிகோன் ஆவி கொடிய நஞ்சு. இயந்திரங்களுக்கும் கார் டேஷ்போர்டுக்கும் அடிக்கும் சில தெளிப்பான்களில் சிலிகோன் இருக்கிறது. அது மணியின் மேல் படலமாகப் படிந்தால் வாயுவால் வினையூக்கியைத் தொட முடியாது. அப்புறம் எத்தனை வாயு வந்தாலும் 0தான். எங்கள் பள்ளிக்கு வந்த இரண்டாவது கருவிக்கு நேர்ந்தது இதுவே.

இரண்டு புள்ளி, ஒரு நேர்க்கோடு

கணிதத்தில் y = mx + c என்ற நேர்க்கோட்டைப் படித்திருக்கிறீர்கள். அளவுத்திருத்தம் என்பது அந்தக் கோட்டைச் சரியான இடத்தில் வைப்பதுதான். ஒரு நேர்க்கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் வேண்டும்.

முதல் புள்ளி சுழி நிலை. அந்த வாயு கொஞ்சமும் இல்லாத தூய காற்றில் கருவியை வைத்து, ‘இதுதான் 0’ என்று பதிவு செய்வார்கள். இது c-யைச் சரிசெய்கிறது.

இரண்டாம் புள்ளிக்கு அளவு தெரிந்த வாயுவைச் செலுத்துவார்கள். தொழில்நுட்பர்கள் இதை ‘ஸ்பேன்’ என்பார்கள். இது m-ஐ, அதாவது சரிவைத் திருத்துகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். புட்டியில் 25 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. பழைய உணரி 20 என்று காட்டுகிறது. உணரியின் திறன் 20-ஐ 25-ஆல் வகுத்தால் 0.8 ஆகிவிட்டது. திருத்தக் காரணி 25-ஐ 20-ஆல் வகுத்தால் 1.25. இனி வரும் ஒவ்வோர் அளவையும் 1.25-ஆல் பெருக்கிக் காட்டும்படி கருவி தன்னைத் திருத்திக்கொள்ளும்.

இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டிருந்தால்? கருவியின் எச்சரிக்கை ஒலி 10 பிபிஎம்மில் அடிக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். காற்றில் உண்மையிலேயே 10 பிபிஎம் இருக்கும்போது கருவி 8 காட்டும், ஒலிக்காது. உண்மை அளவு 12.5 ஆகும்போதுதான் ஒலிக்கும். உணரியின் திறன் இன்னும் தளர்ந்து 0.4 ஆகிவிட்டால், உண்மை அளவு 25 பிபிஎம்மைத் தொடும்வரை கருவி மௌனமாக இருக்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி, ‘ஒலிக்கவில்லையே, பயமில்லை’ என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

சுழி நிலையிலும் ஏமாறலாம். லோரி ஒன்று இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர் கருவிக்குச் சுழி வைக்கிறார். அங்கே 15 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. கருவியோ அதையே 0 என்று கற்றுக்கொள்கிறது. இனி 25 பிபிஎம்மில் ஒலிக்க வேண்டிய கருவி, உண்மையில் 40 பிபிஎம் வந்தால்தான் ஒலிக்கும். அதனால் சந்தேகமான இடத்தில், புட்டியில் அடைத்த தூய காற்றைக் கொண்டே சுழி வைப்பார்கள்.

வேலைக்கு முன் ஒரு தட்டு

முழு அளவுத்திருத்தத்தைத் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் செய்வார்கள். ஆனால் இன்று காலையில் உணரி உயிரோடு இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? அதற்குத்தான் ‘பம்ப் டெஸ்ட்’. தண்ணீர் இறைக்கும் பம்பு என்று நினைக்காதீர்கள். லேசாகத் தட்டிப் பார்ப்பது என்று பொருள். கதவைத் தட்டி, ‘உள்ளே யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்பது போலத்தான்.

வேலைக்குப் புறப்படும் முன் தெரிந்த வாயுவைச் சில விநாடிகள் செலுத்த வேண்டும். எண் ஏறுகிறதா, ஒலி, ஒளி, அதிர்வு மூன்றும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வந்தால் புறப்படலாம். வராவிட்டாலோ, எண் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாவிட்டாலோ முழு அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். அதிலும் தேறாவிட்டால் உணரியை மாற்ற வேண்டும்.

சிலர் சிகரெட் லைட்டரின் வாயுவை ஊதிச் சோதிப்பார்கள். இது தவறு. அந்த வாயுவின் அளவு நமக்குத் தெரியாது. அது உணரிக்குத் தாங்க முடியாத அளவுக்கு அடர்த்தியாகவும் இருக்கும். சோதனை என்ற பெயரில் உணரியையே கெடுத்துவிடும்.

இந்தச் சில விநாடிகளுக்குச் சோம்பல்பட்டால் என்ன ஆகும்? நம் நாட்டில் தொட்டி, நிலத்தடிக் குழி, கழிவுநீர்க் குழாய் போன்ற அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கென 2010-ஆம் ஆண்டின் தொழில் நடைமுறைக் கோவை இருக்கிறது. ஆள் உள்ளே இறங்குவதற்கு முன், அதற்கெனப் பயிற்சி பெற்று அங்கீகரிக்கப்பட்ட வாயுச் சோதனையாளர் காற்றைச் சோதிக்க வேண்டும் என்கிறது அது. அவர் ‘இறங்கலாம்’ என்று சொல்வது ஓர் எண்ணை நம்பித்தான். கீழே இறங்குபவர் யாரோ ஒருவரின் அப்பா, அல்லது அண்ணன்.

‘தெரிந்த வாயு’ என்று யார் சொன்னது?

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேள்வி கேட்பார். புட்டியில் 25 பிபிஎம் என்று ஒட்டியிருக்கிறது, சரி. அது உண்மை என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. பசாரில் மீன் வாங்கும்போது கடைக்காரரின் தராசை நம்புகிறோம். அந்தத் தராசை முத்திரையிட்ட எடைக்கல்லால் சோதித்திருப்பார்கள். அந்த எடைக்கல்லை அதைவிடத் துல்லியமான எடைக்கல்லோடு ஒப்பிட்டிருப்பார்கள். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் சங்கிலி, நாட்டின் தேசிய அளவையியல் நிறுவனத்தில் போய் முடியும். மலேசியாவில் அது சிலாங்கூரின் சிப்பாங்கில் இருக்கிறது. சோதனை வாயுவுக்கும் இதே போன்ற சங்கிலி உண்டு. புட்டியோடு வரும் சான்றிதழில் வாயுவின் அளவும், அதில் இருக்கக்கூடிய பிழை எத்தனை சதவிகிதம் என்பதும் எழுதியிருக்கும்.

காலாவதி நாளும் எழுதியிருக்கும். வாயுவுக்கு எதற்குக் காலாவதி என்று சிரிக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு வினைபுரியும் இயல்புடையது. புட்டியின் உட்சுவரோடு மெல்ல வினைபுரிந்து அதன் அளவு குறைந்துவிடும். 25 என்று ஒட்டிய பழைய புட்டியில் 18 மட்டுமே மிஞ்சியிருந்தால், நல்ல கருவியும் 18 என்று உண்மையைத்தான் சொல்லும். நாமோ கருவி தவறு என்று எண்ணி, அதை 25 என்று காட்டும்படி திருத்திவிடுவோம். சரியாக இருந்ததை நம் கையாலேயே கெடுத்ததாகும்.

கேட்காத கேள்விக்கு விடை வராது

இனி மீண்டும் சுங்கை கிம் கிம் கரைக்குப் போவோம். அங்கே கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பொருள்களில் பென்சீன், டொலுவீன், சைலீன், அக்ரோலின், அக்ரிலோநைட்ரைல், ஹைட்ரஜன் குளோரைடு, மீத்தேன் ஆகியவை இருந்தன. நன்றாக அளவுத்திருத்தம் செய்த நான்கு வாயுக் கருவி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவற்றை அது காட்டுமா?

பென்சீனைப் பார்ப்போம். காற்றில் அது தீப்பற்றக் குறைந்தது 1.2 சதவிகிதம் இருக்க வேண்டும். அதாவது 12,000 பிபிஎம். எரியும் வாயு உணரி இந்த அளவை 100 என்று வைத்துக்கொண்டு நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும். ஆக, திரையில் 1 வருவதற்கே ஏறக்குறைய 120 பிபிஎம் பென்சீன் வேண்டும். ஆனால் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பல நாடுகளில் வேலையிடத்துக்கான வரம்பு 1 பிபிஎம் அல்லது அதற்கும் குறைவு. காற்றில் 50 பிபிஎம் பென்சீன் இருந்தால், வரம்பைப் போல ஐம்பது மடங்கு நஞ்சு. அப்போதும் அந்தக் கருவி 0 என்றே காட்டலாம். அது பொய் சொல்லவில்லை. ‘தீப்பிடிக்குமா?’ என்பதுதான் அதனிடம் கேட்ட கேள்வி. ‘உடலுக்குக் கெடுதலா?’ என்று நாம் அதனிடம் கேட்கவே இல்லை.

இத்தகைய ஆவிகளுக்கு ஒளி அயனியாக்க உணரி எனும் வேறு கருவி உண்டு. அதில் உள்ள புறஊதா விளக்கு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றும். அதிகம் பயன்படும் விளக்கின் ஆற்றல் 10.6 எலக்ட்ரான் வோல்ட். பென்சீனிலிருந்து எலக்ட்ரானை எடுக்க 9.24 போதும், ஆகவே அது தெரியும். டொலுவீனும் சைலீனும் அக்ரோலினும் தெரியும். ஆனால் அக்ரிலோநைட்ரைலுக்கு 10.9 வேண்டும். மீத்தேனுக்கும் ஹைட்ரஜன் குளோரைடுக்கும் 12-க்கு மேல் வேண்டும். இந்த மூன்றும் அதன் கண்ணில் படாது. அவற்றைக் காண வேறு வகை உணரியோ, அகச்சிவப்பு ஒளியைப் பகுத்து ஆராயும் பெரிய கருவியோ தேவை.

இந்த உணரியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இதை வழக்கமாக ஐசோபியூட்டிலீன் எனும் வாயுவைக் கொண்டே அளவுத்திருத்தம் செய்வார்கள். பென்சீன் இதைவிடக் கூடுதலாகத் துலங்கும். எனவே அங்கிருப்பது பென்சீன் மட்டுமே என்று தெரிந்தால், திரையில் வரும் எண்ணை ஏறக்குறைய பாதியாக்க வேண்டும். பல பொருள்கள் கலந்திருந்தால், அந்த எண் ஒரு பொருளின் அளவு அல்ல. எல்லாம் சேர்ந்த ஒரு குத்துமதிப்பு மட்டுமே.

நீங்கள் கைத்தொலைபேசியில் பார்க்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டுக்கும் இது பொருந்தும். நுண்துகள்கள் இரண்டு வகை, சல்பர் டையாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு என ஆறு பொருள்களை வைத்துத்தான் அது கணக்கிடப்படுகிறது. புகைமூட்டக் காலத்தில் மிகவும் பயனுள்ள எண். ஆனால் அது நன்றாக இருக்கும்போதே, அந்த ஆறிலும் சேராத ஓர் ஆவி உங்கள் பள்ளித் திடலில் இருக்கக்கூடும்.

எதிர்மாறான ஏமாற்றமும் உண்டு. கார்பன் மோனாக்சைடு உணரி ஹைட்ரஜனுக்கும் துலங்கும், கைத்தூய்மி திரவத்தின் ஆல்கஹால் ஆவிக்கும் துலங்கும். கையைத் துடைத்த ஈரத்தோடு கருவியைத் தொட்டால், இல்லாத நச்சு இருப்பதாகக் காட்டலாம்.

உணரியை எப்படிக் காப்பது?

உணரியைப் பராமரிப்பது பெரிய வித்தையல்ல. பழக்கம்தான் முக்கியம்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் கருவியை விட்டுவரக்கூடாது. அந்தச் சூட்டில் மின்பகுளி காயும். சிலிகோன் தெளிப்பான், ஆல்கஹால், வாசனைத் துடைப்பான் எதுவும் உணரியின் பக்கம் போகக்கூடாது. ஈரத்துணியால் மேலோட்டைத் துடைத்தால் போதும். வாயு நுழையும் இடத்தில் உள்ள வடிகட்டியில் தூசியும் பிசுக்கும் சேர்ந்தால் மாற்ற வேண்டும். வடிகட்டி அடைத்துக்கொண்டால், நல்ல உணரியும் மூக்கைப் பொத்திக்கொண்டவர் போலத்தான். ஒளி அயனியாக்க உணரியின் விளக்கு முகப்பில் படலம் படியும். அதைப் பயிற்சி பெற்றவர் மட்டும், தயாரிப்பாளர் சொன்னபடி துடைக்க வேண்டும்.

சோதனை வாயுவைச் செலுத்தும் குழாயும் சரியானதாக இருக்க வேண்டும். சாதாரண இரப்பர்க் குழாய் ஹைட்ரஜன் சல்பைடில் ஒரு பகுதியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள், புட்டி எண், காட்டிய அளவு ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் குறித்து வைக்க வேண்டும். 25, 24, 22, 19 என்று மாதந்தோறும் இறங்கிவரும் எண்களைப் பார்த்தாலே, எந்த உணரி ஓய்வு பெறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். மின்வேதியியல் உணரிகள் பலவற்றின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள்தான்.

செய்து பாருங்கள்

வாயுவைக் கொண்டு வீட்டில் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். அளவுத்திருத்தத்தை வெப்பமானியில் பழகலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள்.

ஒரு முகவையில் பனிக்கட்டித் துண்டுகளை நிரப்பிக் கொஞ்சம் நீர் ஊற்றிக் கலக்குங்கள். வெப்பமானியை அதில் வைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். 0 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். பிறகு, கொதிக்கும் நீரில் ஏறக்குறைய 100 காட்ட வேண்டும். உங்கள் வெப்பமானி 1-உம் 97-உம் காட்டினால், அந்த இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் குறித்து நேர்க்கோடு போடுங்கள். அது 49 காட்டும்போது உண்மையான வெப்பநிலை என்ன? கோட்டைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். 50 வந்தால், நீங்கள் ஓர் அளவுத்திருத்தம் செய்துவிட்டீர்கள்.

ஆய்வுக்கூடத்தின் எல்லா வெப்பமானிகளையும் இப்படிச் சோதித்துப் பட்டியலிடுங்கள். எத்தனை ஒரே விடை சொல்கின்றன என்று பார்த்தால் வியப்பீர்கள்.

கடைசியாக ஒன்று. பள்ளியில் வழக்கத்துக்கு மாறான நெடி வந்தாலோ, நண்பர்கள் பலருக்கு ஒரே நேரத்தில் தலைசுற்றினாலோ உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். நெடி வரும் இடத்தைவிட்டு விலகிச் செல்லுங்கள். அவசரத்துக்கு 999. நெடி நின்றுவிட்டது என்பதற்காகத் திரும்பிப் போகாதீர்கள். மூக்கு மரத்துப்போன கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

யாராவது ஒரு கருவியைக் காட்டி, ‘சுழியம், பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொன்னால், மரியாதையோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்தெந்த வாயுவைப் பார்க்கும்? இன்று தெரிந்த வாயுவைக் காட்டிச் சோதித்தீர்களா? அந்தப் புட்டியின் காலாவதி நாள் என்ன? மூன்றுக்கும் நல்ல விடை வந்தால், அந்தச் சுழியத்தை நம்பி மூச்சுவிடலாம்.